மட்கும் பேட்டரியும் வற்றும் ஜெல்லும்

"மண்ணில் போட்டால் மட்கிவிடும் என்கிறீர்கள். அப்படியானால் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே ஏன் மட்கிப் போவதில்லை?" ஆய்வகத்தைப் பார்க்க வந்திருந்த பள்ளி மாணவி ஒருவர், கண்ணாடித் தட்டில் கிடந்த, பேட்டரிக்காகக் கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட்டால் செய்த ஜெல் துண்டைப் பார்த்தபடி கேட்டார். உள்ளே உப்பின் செறிவு அதிகம், காற்றுப் புகாதபடி மூடியிருக்கிறோம், துத்தநாக அயனி நிறைந்த இடத்தில் நுண்ணுயிர்கள் பிழைப்பது கடினம் என்று பதில் சொன்னேன். பதிலில் பிழை இல்லை. ஆனாலும் அதில் ஏதோ ஒன்று விடுபட்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. மூடியிருப்பதால்தான் மட்கவில்லை என்றால், மட்க வேண்டிய நாளில் அந்த மூடியைத் திறப்பது யார்? மூடியே மட்கிவிடும் என்றால், அது அதுவரை எதைத்தான் காத்துக்கொண்டிருந்தது? உயிரிப் பாலிமர் ஜெல்களோடு, அதாவது உயிரினங்களிலிருந்து கிடைக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன ஜெல்களோடு, வேலை செய்கிற எங்களில் பலரும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். நான் அங்கேயே நின்று யோசிக்க ஆரம்பித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு தலைப்புச் செய்தி வருகிறது. இறால் ஓட்டிலிருந்து பேட்டரி, கடற்பாசியிலிருந்து பேட்டரி, காகிதத்தில் பேட்டரி. 2022-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லியாங்பிங் ஹூ குழுவினர், நண்டு, இறால் ஓடுகளில் உள்ள கைட்டினிலிருந்து கிடைக்கும் கைட்டோசானைக் கொண்டு துத்தநாக பேட்டரிக்கு ஒரு ஜெல் மின்பகுளியை, அதாவது இரண்டு மின்முனைகளுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் ஊடகத்தை, உருவாக்கினார்கள். ஆயிரம் சுற்றுகள் மின்னேற்றி இறக்கிய பிறகும் அதன் செயல்திறன் 99.7 சதவீதமாக இருந்தது. அந்த மின்பகுளி மண்ணில் சுமார் 5 மாதங்களில் சிதைந்துவிடும், துத்தநாகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அருமையான ஆய்வு அது. ஆனால் செய்தியாக வெளியே வந்தபோது எல்லோர் மனத்திலும் பதிந்தது அந்த 5 மாதங்கள் மட்டும்தான். துத்தநாகம் ஏன் அவ்வளவு சீராகப் படிந்தது, கைட்டோசான் அங்கே என்ன வேலை செய்தது என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கோ அந்த ஜெல் உயிரோடு இருக்கும்போது செய்த வேலைதான் பெரிதாகத் தெரிந்தது. மட்குவது அதற்கு அப்புறம் வரும் விஷயம்.

மாவுக்கூழும் பாதரசமும்

இந்த ஜெல்களைப் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம் பழைய டார்ச் பேட்டரிதான் நினைவுக்கு வருகிறது. ஜார்ஜ் லெக்லான்ஷே 1866-இல் உருவாக்கிய மின்கலத்தில் அம்மோனியம் குளோரைடு கரைசல் ஒரு ஜாடியில் திரவமாகவே நின்றது, சாய்த்தால் கொட்டும். 1886-இல் கார்ல் காஸ்னர் அந்தக் கரைசலைப் பாரிஸ் சாந்தோடு குழைத்து, கவிழ்த்தாலும் சிந்தாத உலர் மின்கலத்தை உண்டாக்கினார். பின்னால் வந்த உற்பத்தியாளர்கள் சாந்தை விட்டுவிட்டு மாவையும் ஸ்டார்ச்சையும் எடுத்துக்கொண்டார்கள். துத்தநாகக் குவளைக்கும் நடுவில் உள்ள கரிய கலவைக்கும் இடையே இருந்தது அம்மோனியம் குளோரைடும் துத்தநாகக் குளோரைடும் ஊறிய ஸ்டார்ச் கூழ். துத்தநாகக் குளோரைடு செறிவாக இருந்தால் ஸ்டார்ச்சைச் சூடாக்காமலே உப்பிக் கெட்டியாக்கிவிடும் என்பதும் அவர்களுக்குக் கைவந்த ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகம் முழுவதும் எரிந்த கைவிளக்குகளுக்கு உள்ளே ஓர் உயிரிப் பாலிமர் ஜெல் இருந்தது. அதை யாரும் அந்தப் பெயரில் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே குவளையில் பாதரசமும் இருந்தது. துத்தநாகம் தன் பாட்டில் அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வாயு கிளம்பாமல் தடுக்க, துத்தநாகத்தின் மேற்பரப்பைப் பாதரசக் கலவையாக மாற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் பல நாடுகள் சட்டம் போட்டு அதை வெளியேற்றின. அமெரிக்காவில் அந்தச் சட்டம் 1996-இல் வந்தது. உண்ணத்தக்க ஸ்டார்ச்சும் நஞ்சான பாதரசமும் அடுத்தடுத்த அடுக்குகளில் பல பத்தாண்டுகள் சேர்ந்தே வேலை செய்தன. ஆகவே மின்பகுளி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு மின்கலம் சுத்தமானதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஸ்டார்ச் அங்கே நல்ல காரணத்துக்காக இருந்தது: நீரைப் பிடித்துவைக்கும், அயனியை ஓடவிடும். பாதரசமும் ஒரு காரணத்துக்காகத்தான் இருந்தது. அந்தக் காரணத்தை வேறு எதனாலாவது தீர்க்க முடியுமா என்பதே பயனுள்ள கேள்வி. இன்றைய ஜெல் ஆய்வுகளின் உண்மையான மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

ஜெல்லுக்குள் அயனி எப்படி ஓடுகிறது என்பதற்கும் ஒரு பழைய விடை உண்டு. தாமஸ் கிரஹாம் 1861-இல் வெளியிட்ட பரவல் ஆய்வுகளில், கெட்டியான அகார் போன்ற களிக்குள்ளும் சாதாரண உப்பு ஏறத்தாழ தண்ணீரில் பரவும் அதே வேகத்தில் பரவுவதைக் கண்டார். கையில் எடுத்தால் வடிவம் மாறாத ஒரு பொருள், உப்பின் பார்வையில் வெறும் நீர்! காரணம் அளவுகளில் இருக்கிறது. பாலிமர் சங்கிலிகள் பின்னும் வலையின் கண்கள் சில நானோமீட்டரில் தொடங்கி நூறு நானோமீட்டர் வரை போகும்; நீர்மூலக்கூறுகளைச் சுமந்து செல்லும் ஓர் அயனி ஒரு நானோமீட்டரைக்கூட எட்டாது. எடையில் இரண்டு, மூன்று சதவீதம் அகார் இருந்தாலே மொத்தமும் நிமிர்ந்து நின்றுவிடுகிறது. மீதி எல்லாம் நீரும் உப்பும். வேதியியல் படித்தவர்கள் எல்லோரும் இதைக் கையால் தொட்டிருக்கிறார்கள். பொட்டாசியம் குளோரைடு கலந்த அகாரை வளைந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி இரண்டு முகவைகளுக்கு நடுவே கவிழ்த்த உப்புப் பாலம் நினைவிருக்கும். அது சிந்தாத மின்பகுளி. இன்று நெகிழ்வான பேட்டரி என்று படம்போட்டுக் காட்டப்படும் பலவற்றில் உள்ள அடிப்படைத் தத்துவம் அந்த வளைந்த குழாயில் இருந்ததுதான்.

ஒரே துண்டில் இரண்டு நிலங்கள்

என் எண்ணம் திரும்பிய இடத்தைச் சொல்ல வேண்டும். துத்தநாகத் தகடும் மாங்கனீசு டை ஆக்சைடும் வைத்து இரண்டு வகை பை மின்கலங்களை நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒன்றில் துத்தநாக சல்பேட் கரைசல் ஊறிய கண்ணாடியிழைப் பிரிப்பான். மற்றதில் அதே கரைசலில் துத்தநாக அயனிகளாலேயே இறுக்கப்பட்ட ஆல்ஜினேட் ஜெல். திரவ மின்கலம் முதலில் உப்பியது. பையை அழுத்தினால் உள்ளே வாயு இருப்பது தெரிந்தது. அதை வெட்டித் திறந்தபோது துத்தநாகத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற படிவு. கண்ணாடியிழையைப் பிரித்து எடுக்க முயன்றால் படிவும் கூடவே பிய்ந்து வந்தது. துத்தநாகம் இழைகளுக்குள் வேர்விட்டிருந்தது. இதை நான் எதிர்பார்த்தேன். இந்தத் துறையில் உள்ள யாரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பாராதது இரண்டாவது பையில் கிடைத்தது.

ஜெல் வைத்த பையை உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர்தான் திறந்தார். "இங்கே வந்து பாருங்கள், இது ஒரே தகடு மாதிரியே இல்லை" என்று கூப்பிட்டார். நடுப்பகுதியில் ஜெல் ஈரமாக, பளபளப்பாக, தோலைப் போலச் சுலபமாக உரிந்து வந்தது. அதன் அடியில் துத்தநாகம் மங்கலான சாம்பல் நிறத்தில், விரல் வைத்தால் தடம் தெரியாத அளவுக்குத் தட்டையாகப் படிந்திருந்தது. ஆனால் ஒரு பக்க விளிம்பில், பையின் வெப்ப ஒட்டு சரியாக இறுகாத இடத்தில், ஜெல் வற்றிப்போய் விறைத்து மஞ்சள் படர்ந்திருந்தது. வளைத்தால் உடைந்தது. அதன் அடியில் இருந்த துத்தநாகமோ முதல் நாள் தேய்த்துப் பளபளப்பாக்கியபோது இருந்த அதே பளபளப்போடு, தேய்த்த கோடுகள்கூட அழியாமல் இருந்தது. அந்த இடத்தில் ஒரு வினையும் நடக்கவே இல்லை. ஒரே பாலிமர், ஒரே உப்பு, ஒரே தகடு, ஒரே மின்னழுத்தம். நடுவில் ஒரு மின்கலம் வாழ்ந்து முடிந்திருக்கிறது. நாலு விரற்கடைக்கு அப்பால் எதுவுமே தொடங்கவில்லை. இரண்டுக்கும் இருந்த ஒரே வேறுபாடு நீர்.

படித்துத் தெரிந்த ஒன்றைக் கண்ணால் பார்ப்பது வேறு. ஆல்ஜினேட் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, கைட்டோசானும் கடத்துவதில்லை; அவற்றில் தங்கியுள்ள நீர்தான் அயனிகளைச் சுமக்கிறது. இதை ஒப்புக்கொண்டே நாங்கள் எல்லோரும் 'இந்தப் பாலிமரின் கடத்துதிறன் இவ்வளவு' என்று எழுதுகிறோம். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரே உயிரிப் பாலிமருக்கு ஆயிரம் மடங்குக்கும் மேல் வேறுபடும் மதிப்புகள் கிடைக்கும். உலர்ந்த படலத்தை அளந்தவர் ஒருவர், ஈரக்காற்றில் கிடந்த படலத்தை அளந்தவர் ஒருவர், நீர் ததும்பும் ஜெல்லை அளந்தவர் இன்னொருவர். அளந்தபோது காற்றின் ஈரப்பதம் என்ன, ஜெல்லில் எடைக்கணக்கில் நீர் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் கொடுக்காத கடத்துதிறனை நான் இப்போது நம்புவதில்லை. இது சற்றுக் கடுமையான நிலைப்பாடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த விளிம்பைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அப்படியானால் பாலிமர் வெறும் பாத்திரமா? இல்லை, அந்தத் தட்டையான நடுப்பகுதியைத் திரவத்தால் தர முடியவில்லையே. துத்தநாக அயனி கரைசலில் ஆறு நீர்மூலக்கூறுகளைச் சுற்றி உடுத்திக்கொண்டு திரிகிறது. மின்முனையை அடைந்ததும் அவற்றை அங்கே கழற்றிப்போடுகிறது. அந்த நீர் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சைடாகவும் பிரிகிறது; வாயு கிளம்புகிறது, அந்த இடத்தில் காரத்தன்மை ஏறுகிறது, அடிப்படைத் துத்தநாக சல்பேட் செதில் செதிலாகப் படிகிறது, செதில் இல்லாத இடத்தை நோக்கி மின்னோட்டம் குவிகிறது, அங்கே துத்தநாகம் முள்போல முளைக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று. ஆல்ஜினேட் சங்கிலியில் வரிசையாக இருக்கும் கார்பாக்சிலேட் தொகுதிகள் அயனியின் அந்த நீர் உடுப்பில் ஒரு பங்கைக் கழற்றிவிட்டுத் தாங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. சங்கிலியோடு பிணைந்த எதிர்மின்சுமைகள் சல்பேட்டை விலக்குவதால், ஓடும் மின்னோட்டத்தில் துத்தநாகத்தின் பங்கு கூடுகிறது. ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஹைட்ரஜன் பிணைப்பால் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன; அப்படிப் பிடிபட்ட நீரில் ஒரு பகுதி பூஜ்ஜியத்துக்குக் கீழே வெகுதூரம் போனாலும் உறைவதில்லை. ஆக, பாலிமர் நீரை வைத்திருக்கிறது, கூடவே நீரின் போக்கையும் மாற்றுகிறது. பாதரசம் செய்த வேலையின் ஒரு பகுதியை, அயனியும் நீரும் மின்முனையை அணுகும் விதத்தை மாற்றியே செய்துவிடுகிறது.

ஆல்ஜினேட்டின் பிடியை விளக்க 1973-லிருந்து புழக்கத்தில் உள்ள படம் முட்டைப்பெட்டி மாதிரி. சங்கிலியின் குலுரோனிக் அமிலப் பகுதிகள் வளைந்து வளைந்து குழிகளாக நிற்கின்றன. இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே சேரும்போது ஒவ்வொரு குழியிலும் இரட்டை மின்சுமை கொண்ட ஓர் அயனி முட்டையைப்போல உட்கார்ந்துகொள்கிறது. கால்சியத்துக்காக வரைந்த அந்தப் படத்தைத் துத்தநாகத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. துத்தநாகம் அவ்வளவு கறாரான அயனி அல்ல, சங்கிலியின் மற்றோர் அலகான மன்னுரோனிக் அமிலப் பகுதிகளோடும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மின்பகுளியில் வேலை செய்யும் அயனியே வலையையும் கட்டித்தருகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு வேதிப் பிணைப்பியைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதே இல்லை.

இங்கே ஒரு தவறான விளக்கத்தையும் ஒதுக்கிவைக்க வேண்டும். ஜெல் உறுதியாக இருப்பதால் முட்களை அழுத்தி அடக்குகிறது என்று பல கட்டுரைகள் எழுதுகின்றன. விறைப்பை அளக்கும் மீள்மை எண் துத்தநாகத்துக்குச் சுமார் 100 கிகா பாஸ்கல். இந்த ஜெல்கள் கிலோ பாஸ்கலில் அளக்கப்படுபவை. மிக உறுதியானவை மெகா பாஸ்கலைத் தொடும். லித்தியத்தின் முட்களை வெறும் பலத்தால் தடுக்க, மின்பகுளியின் நறுக்கு மீள்மை (பக்கவாட்டில் தள்ளும் விசையை எதிர்க்கும் விறைப்பு) லித்தியத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும் என்று மன்றோவும் நியூமனும் 2005-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட ஈரமான ஜெல் வர முடியாது. முள் முளைத்த பிறகு ஜெல்லால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முளைக்கவிடாமல் செய்வதில்தான் அதன் திறமை.

ஜெல் எதனால் சாகிறது

மாணவியின் கேள்விக்கு இப்போது கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல முடியும். மின்கலத்துக்குள் ஜெல் மட்கிச் சாவதில்லை. வேறு பல வழிகளில் சாகிறது. முதல் வழி வற்றுவது. இரண்டாவது வழி வெப்பம்: ஜெலட்டின் ஜெல்லைப் பிடித்திருப்பது வலுவற்ற சுருள் முடிச்சுகள் மட்டுமே, உடலின் வெப்பநிலைக்கு வந்தாலே அவிழ்ந்து திரவமாகிவிடும். அகார் 85 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், குளிர்ந்து 40-க்குக் கீழே வந்தால்தான் மறுபடி இறுகும். உருகுவதற்கும் உறைவதற்கும் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பது செய்பவருக்கு வசதி. மூன்றாவது வழி வேதி அரிப்பு. அமிலச் சூழலில் சர்க்கரை அலகுகளுக்கு இடையேயான பிணைப்பு மெல்ல அறுகிறது. வலுவான காரத்தில் ஆல்ஜினேட் வேறு வழியில் துண்டாகிறது. காரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் செல்லுலோஸ் சங்கிலி குறுகும் என்பதை ரேயான் ஆலைகள் வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்கின்றன. நான்காவது, உயர் மின்னழுத்தத்தில் நேர்மின்முனையின் பக்கம் ஏற்படும் ஆக்சிஜனேற்றம். இவை எதற்கும் நுண்ணுயிர் தேவையில்லை. என் அனுபவத்தில் பத்து ஜெல்களில் பெரும்பாலானவை முதல் வழியிலேயே போய்விடுகின்றன.

வற்றுவதைத் தள்ளிப்போட வழிகள் இருக்கின்றன. கிளிசரால் சேர்ப்பது எளிய வழி. அதுவும் நீரை இழுத்துப் பிடிக்கும், ஆனால் பிசுபிசுப்பு ஏறி அயனியின் வேகம் குறையும். லித்தியம் குளோரைடு, துத்தநாகக் குளோரைடு போன்ற காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும் உப்புகளைச் செறிவாகப் போடலாம். மாவுக்கூழ் மின்கலங்கள் அலமாரியில் அத்தனை காலம் தாக்குப்பிடித்ததில் துத்தநாகக் குளோரைடுக்கு ஒரு பங்கு உண்டு. மீமின்தேக்கிகளிலும், அதாவது சூப்பர் கெபாசிட்டர்களிலும், இதே பாடுதான். அங்கே வேதிவினை இல்லை. கரியின் நுண்துளைச் சுவர்களில் அயனிகள் ஒட்டுவதும் விலகுவதும் மட்டுமே. ஜெல் துளைக்குள் நுழைந்து ஈரமாக்காவிட்டால் அந்தப் பரப்பளவு அத்தனையும் வீண். கூடவே நீருக்கு 1.23 வோல்ட் என்ற எல்லை இருக்கிறது. அதற்கு மேல் அது பிரியத் தொடங்கும். சேமிக்கும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் இந்த எல்லை வலிக்கிறது. கட்டுண்ட நீர் அதிகமாக இருக்கும் ஜெல்களில் எல்லையைச் சற்று மேலே தள்ளலாம் என்பதால்தான் இந்தத் துறையிலும் உயிரிப் பாலிமர்கள் தேடப்படுகின்றன.

எல்லோர் கையிலும் இருக்கும் ஒன்று

உயிரிப் பாலிமர்கள் ஆற்றல் சேமிப்பில் அடைந்த மிகப் பெரிய வெற்றியைப் பற்றி எந்தத் தலைப்புச் செய்தியும் வருவதில்லை. லித்தியம் அயனி பேட்டரியின் கிராஃபைட் முனையில், தூளைத் தாமிரத் தகட்டோடு ஒட்டிவைக்கும் பிணைப்பானாகப் பெரும்பாலான ஆலைகள் பயன்படுத்துவது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸும் ஒரு ரப்பர் பாலும் சேர்ந்த கலவை. செல்லுலோஸிலிருந்து வந்த அந்தப் பொருள் நீரில் கரைந்து, தூளை அடியில் தங்கவிடாமல் கெட்டியான கலவையாகத் தாங்கி நிற்கிறது. உலர்ந்த பிறகு பசையாகிறது. அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்தது ஃபுளூரின் கொண்ட ஒரு பாலிமரும் அதைக் கரைக்க என்-மெத்தில் பைரோலிடோன் என்ற கரைப்பானும். அந்தக் கரைப்பான் 202 டிகிரியில் கொதிப்பது. கருவளர்ச்சிக்குத் தீங்கு விளைவிப்பது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருப்பது. நேர்மின்முனைப் பக்கத்தில் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. எதிர்மின்முனைப் பக்கத்தில் மட்டும் ஆலைகள் தண்ணீருக்கு மாறிக்கொண்டன. தொழிலாளர்கள் சுவாசிக்கும் காற்றில் ஏற்பட்ட மாற்றம் அது. மட்குவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

2011-இல் கிளெப் யூஷின் தலைமையிலான ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகக் குழுவும் கிளெம்சன் பல்கலைக்கழகத்தினரும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதன் அடுத்த படி. கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி சேமிக்கும். சிலிக்கானின் கொள்ளளவு 3,500-க்கும் மேல். ஆனால் லித்தியம் ஏறும்போது சிலிக்கான் ஏறக்குறைய நான்கு மடங்கு பருமனாகி, இறங்கும்போது சுருங்கித் தன்னைத்தானே நொறுக்கிக்கொள்கிறது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட்டைப் பிணைப்பானாக வைத்தபோது முனை நொறுங்காமல் நீண்ட நாள் தாங்கியது. கார்பாக்சிலேட் தொகுதிகள் சிலிக்கானின் மேற்பரப்பை இறுகப் பற்றியதும், பேட்டரியின் கரிமக் கரைப்பானில் ஆல்ஜினேட் ஏறக்குறைய உப்பாமல் இருந்ததும் காரணங்கள். பாருங்கள், துத்தநாக மின்கலத்தில் நீரைக் குடித்து ஊதியிருப்பதால் பயன்பட்ட அதே சங்கிலி, இங்கே கரைப்பானைக் குடிக்க மறுப்பதால் பயன்படுகிறது. இந்த இரண்டையும் 'பசுமையான பொருள்' என்ற ஒரே அடைமொழியில் அடைத்துவிட்டால் அந்தச் சங்கிலியின் குணத்தைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாமலே போய்விடும்.

பசுமை என்ற அடைமொழியும் கேள்வி கேட்ட பிறகே ஏற்கவேண்டிய ஒன்றுதான். இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்க வேண்டும். காரத்தில் புரதத்தை நீக்க வேண்டும். பிறகு 40, 50 சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி அசிட்டைல் தொகுதிகளை வெட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பிறகு ஏராளமான கழுவுநீர். அந்த நீர் எங்கே போகிறது என்று கேட்காமல் ஓட்டின் கதையை மட்டும் சொல்வது நேர்மையல்ல. இன்னொரு சிக்கல் சீரின்மை. ஆல்ஜினேட்டில் இரண்டு அமில அலகுகளின் விகிதம் பாசியின் இனத்துக்கு ஏற்ப, பருவத்துக்கு ஏற்ப, ஏன், தண்டா இலையா என்பதற்கு ஏற்பக்கூட மாறும். போன முறை நன்றாக இறுகிய ஜெல் புதுப் புட்டியைத் திறந்ததும் தளதளவென்று நிற்கும். ஒரு ஆலை இதை வைத்து லட்சக்கணக்கான மின்கலங்களைச் செய்ய வேண்டுமானால் முதலில் இதைத் தீர்த்தாக வேண்டும். இதைத் தீர்ப்பவருக்குச் செய்தித்தாளில் இடம் கிடைக்காது என்றாலும்.

மூடிதான் மீதி

மட்குதல் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன, அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. சில வாரங்கள் மட்டும் வயலில் கிடக்கும் உணரி, உடலுக்குள் போய்த் திரும்பி வராத கருவி, ஒருமுறை மட்டும் பயன்படும் நோயறி பட்டை. 2021-இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தினர் செல்லுலோஸ் நானோ இழைகள், கரி, கிளிசரின், உப்பு ஆகியவற்றால் ஒரு மீமின்தேக்கியை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள். மண்ணில் புதைத்தால் இரண்டு மாதங்களில் சில கரித்துகள்கள் மட்டுமே மிஞ்சின. 2023-இல் இத்தாலியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாரியோ கைரோனி குழுவினர் ரைபோஃபிளேவினும் குவெர்செட்டினும் மின்முனைகளாக, நோரி கடற்பாசித் தாள் பிரிப்பானாக, உண்ணத்தக்க பேட்டரி ஒன்றைச் செய்தார்கள்: 0.65 வோல்ட், 48 மைக்ரோ ஆம்பியர், 12 நிமிடங்கள். இவை தேவையை அளந்து செய்யப்பட்டவை. நீண்ட நாள் வாழ வேண்டும் என்று யாரும் அவற்றிடம் கேட்கவில்லை.

எம்பா குழுவின் 2022-ஆம் ஆண்டு காகித பேட்டரியைப் பற்றித்தான் நான் மீண்டும் மீண்டும் படிக்கிறேன். உப்பு ஊறிய காகிதத்தின் இரு பக்கமும் துத்தநாக மையும் கிராஃபைட் மையும் அச்சிட்டிருந்தார்கள். உலர்ந்திருக்கும்வரை அது தூங்கும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் 20 வினாடிகளில் 1.2 வோல்ட் வந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் காகிதம் உலர, திறன் விழுந்தது. மறுபடி இரண்டு சொட்டு விட்டதும் 0.5 வோல்ட்டில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. எங்கள் பையின் விளிம்பில் நடந்ததை இவர்கள் வடிவமைப்பாகவே மாற்றிவிட்டார்கள்! நீரை உள்ளே அடைத்துவைக்க முடியாது என்று தெரிந்து, வேண்டிய நேரத்தில் வெளியிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

அந்த முடிவு எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தாது. மாதக்கணக்கில் ஓட வேண்டிய ஒரு மின்கலத்துக்கு நீராவியைத் தடுக்கும் உறை வேண்டும். நீராவியை நன்றாகத் தடுப்பவை அலுமினியத் தகடும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகளும், அவை மட்குவதில்லை. நன்றாக மட்குபவை செல்லுலோஸ், ஸ்டார்ச், புரதப் படலங்கள். அவை நீராவியைத் தாராளமாக விடுகின்றன. இரண்டும் ஒரே காரணத்தால்தான்: நீர் உள்ளே நுழைய முடிகிற பொருளுக்குள்தான் நுண்ணுயிர்களின் நொதியும் வேலை செய்ய முடியும். ஜெல் மின்பகுளிகளைப் பற்றிக் குவியும் ஆய்வுகளோடு ஒப்பிட்டால், இந்த முரணைக் கையிலெடுத்துக்கொள்ளும் ஆய்வுகள் மிகக் குறைவாகவே என் கண்ணில் படுகின்றன. மெழுகு ஒரு வாய்ப்பு. நீரை விலக்கும், ஆனாலும் காலப்போக்கில் சிதையும். இத்தாலியக் குழுவினர் தங்கள் உண்ணத்தக்க பேட்டரியில் தேன்மெழுகைப் பயன்படுத்தியதும் தற்செயல் அல்ல. மெழுகு பூசிய காகிதப் பைகளில் எங்கள் ஆல்ஜினேட் மின்கலங்களை அடைத்து, ஒவ்வொன்றையும் நாள்தோறும் எடை பார்த்து, இழந்த நீரையும் கடத்துதிறனையும் ஒரே வரைபடத்தில் போடும் வேலையை இப்போது தொடங்கியிருக்கிறோம். கடத்துதிறன் எவ்வளவு நீர் போனதும் சரியத் தொடங்குகிறது என்பது தெரிந்துவிட்டால், உறை எவ்வளவு கசியலாம் என்பதை அதிலிருந்து கணக்கிட்டுவிடலாம். எந்த மெழுகு, எத்தனை மைக்ரான் தடிமன் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.